இரண்டு வழியில் வரும் காவிரி

ஓசூரில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயைத் திறந்தால் வருவது காவிரி. ஊருக்கு வெளியே தென்பெண்ணையின் குறுக்கே நிற்கும் கெலவரப்பள்ளி அணையின் மதகைக் கோடையில் திறந்தால் வருவதிலும் பெரும்பகுதி காவிரிதான். முன்னது சுத்திகரித்து, மேடேற்றி, குழாயில் கொண்டுவந்த தண்ணீர். பின்னது பெங்களூருவின் சமையலறையிலும் குளியலறையிலும் கழிப்பறையிலும் ஒருமுறை புழங்கி முடித்த தண்ணீர். பள்ளிக்கூடத்து வரைபடத்தில் காவிரியும் தென்பெண்ணையும் ஒன்றையொன்று தொடாத இரு நீலக் கோடுகள். ஒன்று பூம்புகாரில் கடலைச் சேர்கிறது, மற்றொன்று கடலூரில். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த இரண்டையும் ஒரு மாநகரம் இணைத்துவிட்டது. இப்படி ஓர் இணைப்பை யாரும் திட்டமிடவில்லை. எந்த ஒப்பந்தமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பகுதிகளின் இன்றைய தண்ணீர்ச் சிக்கல்கள் பலவும் இந்த இணைப்பைச் சுற்றியே நிற்கின்றன.

பெங்களூரு ஒரு மேட்டு முதுகின் மேல் வளர்ந்த நகரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அந்த முதுகின் மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய், மேகதாதுவுக்கு மேலே சங்கமத்தில் காவிரியோடு கலக்கிறது. கிழக்குச் சரிவில் விழுவது ஹெப்பாள் பள்ளத்தாக்கு வழியாகவும், பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் இருக்கும் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகவும் இறங்கி, நந்தி மலைப் பகுதியில் பிறந்து வரும் தட்சிண பினாகினியைச் சேர்கிறது. அதே ஆறு ஓசூருக்கு அருகே கொடியாளத்தில் எல்லை தாண்டும்போது நமக்குத் தென்பெண்ணை.

மழைநீர் மட்டும் ஓடிய காலத்தில் இந்தச் சரிவால் ஒரு வம்பும் இல்லை. 1974-ல் காவிரி நீர் பெங்களூருவுக்கு வரத் தொடங்கியது. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், இரவும் பகலும் மின்சாரத்தால் ஏற்றுகிறார்கள். நான்கு கட்டங்களில் அந்த அளவு நாளொன்றுக்குச் சுமார் 145 கோடி லிட்டரானது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கி, இன்னும் 77.5 கோடி லிட்டருக்கு வழி செய்தது.

வீட்டுக்குள் போகும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடையாக வெளியே வரும் என்பது குடிநீர்ப் பொறியாளர்களின் கைக்கணக்கு. குடிப்பதும் ஆவியாவதும் கொஞ்சம்தான். குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது எல்லாம் திரும்ப வந்தாக வேண்டும். காவிரி நடுவர் மன்றமும் 2007 இறுதித் தீர்ப்பில் இதே கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது: குடிநீருக்கு ஆற்றிலிருந்து எடுப்பதில் 20 விழுக்காடுதான் நுகர்வு, தொழிற்சாலைகளுக்கு எடுப்பதில் 2.5 விழுக்காடு. மீதி ஆற்றுக்குத் திரும்பிவிடும்.

எந்த ஆற்றுக்கு?

அதே நடுவர் மன்றம்தான் பெங்களூருவில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காவிரிப் படுகையில் இருப்பதாகவும் கணக்கிட்டது. அப்படியானால் மீதி நகரத்தின் சாக்கடை காவிரிக்குத் திரும்ப வழியே இல்லை. அது தென்பெண்ணைப் பக்கம் சரிகிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கூடுதலாக 14.75 டிஎம்சி கொடுத்தபோது, அதில் 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீருக்கு. படுகைக்கு உள்ளே இருக்கும் பகுதி, வெளியே இருக்கும் பகுதி என்று தாகத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். மனிதாபிமானமுள்ள வாதம், மறுக்க மாட்டேன். ஆனால் தாகத்துக்குப் படுகை இல்லை என்றால் சாக்கடைக்கும் இல்லை. அந்த மறுபாதியை யாரும் எழுதி முடிக்கவில்லை.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 145 கோடி லிட்டர் என்பது ஆண்டுக்கு ஏறக்குறைய 18.7 டிஎம்சி. அதில் 80 விழுக்காடு திரும்பினால் 15 டிஎம்சி. நகரப் பரப்பின் விகிதத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிழக்கே சரிகிறது என்று வைத்தால் 10 டிஎம்சி. துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம், அளவின் பருமன் தெரிந்தால் போதும். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் முழுக் கொள்ளளவு 1.67 டிஎம்சிதான். அதைப்போல ஆறு அணைகளை நிரப்பும் காவிரி நீர், ஐந்தாம் கட்டத்துக்கு முன்பே, வேறு உருவத்தில் தென்பெண்ணைப் படுகைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த உருவத்தை வெளியூர்க்காரர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் ஆறு வெள்ளையாகிறது. அணையை அடுத்த தரைப்பாலத்தின் மேல் ஆள் உயரத்துக்கும் மேலே நுரை எழுந்து நிற்கும். காற்றடித்தால் துண்டு துண்டாகப் பிய்ந்து பறந்து கொத்தமல்லி, புதினா, கோஸ் வயல்களில் விழும். போக்குவரத்தை நிறுத்தி, தீயணைப்பு வண்டியை வரவழைத்துத் தண்ணீர் பீய்ச்சி நுரையைக் கலைப்பதும் நடக்கிறது. அந்த நீரில் இறங்கி வேலை செய்தால் கை கால் அரிக்கிறது என்று விவசாயிகள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

இந்த நுரை எப்படி உருவாகிறது? சோப்புத் தூளின் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒன்று தண்ணீரை நாடும், மற்றொன்று தண்ணீரை விட்டு விலகும். அதனால் அது தண்ணீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் போய் வரிசைகட்டி நிற்கிறது. நீரின் பரப்பு இழுவிசை குறைகிறது. குமிழி எளிதில் உருவாகிறது, உருவானது சீக்கிரம் உடைவதில்லை. இது வீட்டு வாளியிலும் நடப்பதுதான். வாளியில் ஐந்து நிமிடத்தில் அடங்கும் நுரை ஆற்றில் மணிக்கணக்கில் நிற்பது ஏன் என்பதுதான் கேள்வி.

பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் பெல்லந்தூர் ஏரியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து இதற்கு விளக்கம் தேடினார்கள். சாக்கடை ஏரிக்குள் வந்ததும் அதிலுள்ள ஆக்சிஜனை நுண்ணுயிரிகள் தின்று தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் இருந்தால் சோப்பு மூலக்கூறுகள் சிதைந்துபோகும். இல்லாத இடத்தில் அவை சேற்றுத் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. கோடை நீள நீள அந்தச் சேற்றில் சோப்பு சேர்ந்துகொண்டே போகிறது. முதல் கனமழை ஏரியைக் கலக்கும்போது மாதக்கணக்கில் சேர்ந்தது ஒரே நாளில் எழும்புகிறது. மழைநீரோடு வரும் நுண்துகள்களும் பாக்டீரியாக்களும் குமிழிச் சுவரில் பதிந்து அதைக் கெட்டிப்படுத்துகின்றன. கலங்கிய தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு அடித்துப் புரளும் இடம் எதுவோ அங்கே நுரை எழுகிறது. ஏரியில் அது உபரி நீர் வழியும் கோடி. கெலவரப்பள்ளியில் அணையின் மதகு.

இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு ஆற்று நீர், இன்னொன்றில் பாதிக்குக் குழாய்த் தண்ணீர் எடுத்து மூடி, இரண்டையும் ஒரே மாதிரி பலமாகக் குலுக்கி வையுங்கள். குழாய்த் தண்ணீரின் குமிழிகள் உடனே உடைந்துவிடும். ஆற்று நீரின் மேல் ஒரு வெண்படலம் தங்கினால் அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். வெயில் காலத்திலும் முதல் மழைக்கு மறுநாளும் இதைச் செய்து குறித்துவைத்தால், சேறு கிளறப்படுவது உங்கள் நோட்டிலேயே தெரியும். பள்ளி மாணவர்கள் கையுறை போட்டுக்கொண்டு, ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

நுரையைப் பார்த்துப் பதறும் நாம் நுரையில்லாத நாட்களில் நிம்மதி அடைந்துவிடுகிறோம். அது தவறு. நுரை அடங்கிய தண்ணீரிலும் அம்மோனியா இருக்கிறது, பாஸ்பரஸ் இருக்கிறது, மலக்குடல் பாக்டீரியா இருக்கிறது. குளிக்கத் தகுந்த ஆற்று நீரில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும், உயிரிவேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். நுரை அந்த அளவுகோலில் இல்லவே இல்லை. நுரை ஓர் அறிகுறி, அவ்வளவுதான். அதை மட்டும் மருந்தடித்துக் கலைத்தால் அறிகுறி போகும், நோய் அப்படியே இருக்கும்.

இனி குழாயில் வரும் காவிரிக்கு வருவோம். அதை இவ்வளவு செலவு செய்து ஏன் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதற்குப் பதில் பாறையில் இருக்கிறது. இந்த மேட்டு நிலம் இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த நைஸ், கருங்கல் பாறைகளால் ஆனது. டெல்டாவைப் போல ஆழ்ந்த மணல் இங்கே கிடையாது. மேலே சில மீட்டர் சிதைந்த மண்ணும் உதிர்கல்லும், அதற்குக் கீழே பாறையின் விரிசல்கள், தண்ணீர் தங்க இவ்வளவுதான் இடம். மேல் அடுக்கு வற்றியதும் ஆயிரம் அடி வரை துளை போடுகிறார்கள். அவ்வளவு ஆழத்தில் கிடைப்பது நெடுங்காலம் பாறையோடு உறவாடிய தண்ணீர். அதில் பைகார்பனேட் கூடும், சுண்ணாம்புச் சத்து குறையும். அந்த நிலையில் பாறையிலுள்ள ஃபுளூரைடு கரைந்து வெளியே வரும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்து, ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை படியும். இன்னும் கூடினால் எலும்பு பாதிக்கப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தலைமுறைகள் இதை அனுபவித்தன. அதற்காகவே ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013 மே மாதம் தொடக்கம். பெங்களூருவின் மேற்குச் சரிவுச் சாக்கடை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியில் சேர்வது ஒகேனக்கலுக்கு மேலேதான் என்பதை இங்கே மறக்க வேண்டாம். நகரம் எந்தப் பக்கம் சரிந்தாலும் கீழே இருப்பது நாம்.

கதை இதோடு நின்றால், மேலே இருப்பவர் அழுக்காக்குகிறார், கீழே இருப்பவர் அவதிப்படுகிறார் என்று முடித்துவிடலாம். 2018-ல் அது திசை மாறியது. கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் சாக்கடையை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டரைக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு ஏற்றும் கே.சி. வேலி திட்டத்தைக் கர்நாடகம் அந்த ஜூன் மாதம் தொடங்கியது. முதலில் நிரம்பிய லட்சுமிசாகர் ஏரியில் அடுத்த மாதமே நுரை வந்து, வழக்கு நீதிமன்றம் போனது. பிறகு திட்டம் தொடர்ந்தது. ஹெப்பாள்–நாகவாரா பள்ளத்தாக்கிலிருந்து 21 கோடி லிட்டரைச் சிக்கபள்ளாபூர் பக்கம் கொண்டுபோகும் திட்டமும் சேர்ந்தது. கோலார் ஏரிகளைச் சுற்றி நிலத்தடி நீர் ஏறியிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. வற்றாத ஆறில்லாத, ஆழ்துளைக் கிணறு வற்றிய ஒரு மாவட்டத்துக்கு அது பெரிய விஷயம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு இல்லாததால் நைட்ரேட்டும் பாஸ்பரஸும் நிலத்தடிக்குப் போகும் என்ற அச்சமும் நியாயமானதே.

முழு அளவில் இயங்கினால் இரண்டு திட்டங்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 8.4 டிஎம்சியைத் தென்பெண்ணையின் சரிவிலிருந்து எடுக்கும். முன்பு போட்ட 10 டிஎம்சி கணக்கின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். கோலார் ஏரிகளில் பல பாலாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. ஆக, காவிரியில் பிறந்த நீர் தென்பெண்ணைச் சரிவில் இறங்கிப் பாலாற்றுப் பக்கம் ஏறுகிறது. மூன்று படுகைகளின் கணக்கையும் ஒரே குழாய் கலைத்துப் போடுகிறது.

இதனால் ஓசூர்–கிருஷ்ணகிரி விவசாயி ஒரு விசித்திரமான நிலையில் நிற்கிறார். அழுக்காக வந்ததால் பயிரும் தோலும் கெட்டன. சுத்தம் செய்யத் தொடங்கியதும் தண்ணீரே வேறு பக்கம் போகிறது. அழுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று மட்டும் கேட்டால், தண்ணீரே இல்லாமல் போவதையும் ஏற்றுக்கொண்டதாகிவிடும். கெலவரப்பள்ளியின் இரு கால்வாய்களும், அதற்குக் கீழே கே.ஆர்.பி. அணையும், நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து நிரம்பும் பாரூர் ஏரியும் இந்த ஒரே ஆற்றை நம்பி இருக்கின்றன. ஆகவே பயன்படுத்திய தண்ணீரும் பங்குக்குரிய தண்ணீர்தான் என்று சட்டத்திலும் பேச்சுவார்த்தையிலும் எழுத வேண்டும். எவ்வளவு, எந்தத் தரத்தில், எந்த மாதத்தில் எல்லையைக் கடக்க வேண்டும் என்ற மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இப்போதைய வழக்குகள் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. 1892-ல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்த ஒப்பந்தத்தை வைத்து, தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் யர்கோளில் கர்நாடகம் கட்டிய அணையைத் தமிழ்நாடு 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. 2019 நவம்பரில் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. நடுவர் மன்றம் கேட்டு மத்திய அரசிடம் போகச் சொன்னார்கள். யர்கோள் அணையின் கொள்ளளவு சுமார் அரை டிஎம்சி. அதற்காக வழக்காடியது சரிதான். அதைப்போலப் பதினாறு மடங்கு நீர் குழாயில் திசை மாறுவது அதே அளவுக்குப் பேசப்படவில்லையே என்பதுதான் வருத்தம்.

வெப்பநிலை உயர்வு இந்தச் சிக்கலை எப்படி முறுக்குகிறது என்பதற்கு 2024 ஒன்றே போதும். அந்த மார்ச்சில் பெங்களூருவின் அரசு ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வற்றின. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்நாட்டுக்குள் வந்து நின்றபோது, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்வதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, பேருந்து நிலையம் அருகே நின்ற வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. கீழே சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் திறக்க வேண்டி வந்தது. விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். தரும்போது மொத்தமாகத் தரும், தராத இடைவெளியில் மண்ணை வேகமாக உலர்த்தும். நீண்ட கோடை ஏரிச் சேற்றில் சோப்பைச் சேமிக்கிறது, திடீர் மழை அதைக் கிளறுகிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். ஆக, நுரைக்கு வேண்டிய எல்லாவற்றையும் மாறும் காலநிலை கூட்டிக்கொடுக்கிறது.

இப்படிப்பட்ட மழையை வாங்கி வைக்க இந்த மண்ணில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்தது. மேல் ஏரி கோடி போனால் கீழ் ஏரிக்கு வரும்; அது நிரம்பினால் அடுத்ததற்கு. ஏரித் தண்ணீரைப் பங்கிடும் நீர்க்கட்டி மதகைத் திறந்து முறை வைத்துப் பாய்ச்சினார். அந்த இணைப்புக் கால்வாய்கள் மேல் வீட்டுமனையும் சாலையும் கிட்டங்கியும் ஏறிய பிறகு, ஏரிகள் தனித்தனிக் குட்டைகளாகிவிட்டன. ஓசூர் ராமநாயக்கன் ஏரி போன்றவற்றைத் தூர்வாருவது நல்ல காரியம். வரத்துக் கால்வாயைத் திறக்காமல் கரையில் நடைபாதை போடுவது மட்டும் ஏரிச் சீரமைப்பாகாது.

பெங்களூருவைக் கேட்கும் முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 2019-ல் மாநகராட்சியான ஓசூரின் சாக்கடையும் தென்பெண்ணைப் படுகையில்தான் சேர்கிறது. சிப்காட் வந்தது, 1980-ல் அசோக் லேலண்ட் வந்தது, டிவிஎஸ் வந்தது, பிறகு டைட்டன், இப்போது மின்வாகனமும் கைபேசி உதிரிபாகமும். தொழிற்சாலைகள் 2.5 விழுக்காடுதான் நுகர்கின்றன என்ற பழைய கணக்கு இங்கே பொருந்தாது. கழிவுநீரையே வெளியே விடக் கூடாது என்ற விதிக்கு உட்பட்ட ஆலை, வாங்கும் தண்ணீரில் எதையும் ஆற்றுக்குத் திருப்பித் தருவதில்லை. அது எடுப்பதெல்லாம் நுகர்வுதான். விதி தவறல்ல, கணக்குத்தான் மாற வேண்டும். ஆலைகளுக்கு நல்ல தண்ணீர் தேவையில்லை என்பதையும் சென்னை காட்டிவிட்டது. கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் சாக்கடையை மூன்றாம் நிலை, எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்து, 2019 முதல் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். ஓசூர் தன் சாக்கடையைத் தன் ஆலைகளுக்கு இப்படி விற்கத் தொடங்கினால், அவ்வளவு காவிரியும் அவ்வளவு நிலத்தடி நீரும் வீடுகளுக்கும் வயல்களுக்கும் மிஞ்சும். பெங்களூருவிடம் கேட்கும் குரலுக்கும் பலம் கூடும்.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் கிராம சபை கூடுகிறது. தென்பெண்ணைக் கரை ஊர்களில் இருப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் மூன்று எண்களைக் கேளுங்கள். கொடியாளத்தில் போன மாதம் எத்தனை கனஅடி வந்தது? அதில் ஆக்சிஜனும் அம்மோனியாவும் எவ்வளவு? நம் ஊர்ச் சாக்கடையில் எத்தனை லிட்டர் சுத்திகரித்து ஆற்றில் விடப்படுகிறது? பதில் இல்லையென்றால், அந்த எண்களை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கையெழுத்திடுங்கள்.